விலை ஏறும்போது தட்டில் எது குறைகிறது?

தமிழ்நாட்டில் 2011 ஜூன் 1 முதல் ரேஷன் அரிசிக்கு விலை கிடையாது. அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பம் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியில் இருந்தாலும் சரி, பாலக்கரையிலோ உறையூரிலோ இருந்தாலும் சரி, நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 20 கிலோ அளவில் அரிசி வந்துவிடும். திருச்சியில் இருந்துகொண்டு மளிகை விலையைப் பற்றிப் பேசுகிறவர் முதலில் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். உலகின் பல ஊர்களில் விலைவாசி ஏறினால் பானை காலியாகும். இங்கே பானையில் சோறு அப்படியே இருக்கும். குழம்பில் பருப்பு குறையும், பொரியல் ஒரு கரண்டியோடு நிற்கும், முட்டை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போகும், தெருவில் வரும் கீரைக்காரம்மாவைக் கூப்பிடும் நாட்கள் குறையும். வயிறு நிறைந்துவிடுவதால் இந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை. சோற்றைக் கூட்டி மற்றதைக் குறைப்பதுதான் சிக்கனம் என்று பெரும்பாலோர் நம்புகிறோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதில் சிக்கனம் இல்லை. சந்தையில் விலை ஏறுவது பெரும்பாலும் ஒரு பொருளுக்கு. வீட்டில் நாம் குறைத்துவிடுவதோ ஒரு வகை உணவையே. துவரம்பருப்பு ஏறினால் பருப்பு வகை முழுவதும் சுருங்குகிறது. தக்காளி ஏறினால் காய்கறிப் பையே சிறிதாகிவிடுகிறது. பிழை நடக்கும் இடம் இதுதான்.

2023 ஜூலையை எடுத்துக்கொள்வோம். அந்த மாதம் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். காய்கறிகளை மட்டும் தனியே பார்த்தால் சுமார் 37 சதவீதம். தக்காளியை மட்டும் பிரித்தெடுத்தால் 200 சதவீதத்துக்கும் மேல், அதாவது முந்தைய ஆண்டு விலையைப்போல் மூன்று மடங்கு. ஒரே மாதத்தின் மூன்று எண்கள். எவ்வளவு கிட்டே போய்ப் பார்க்கிறோமோ அவ்வளவு மேடுபள்ளம். 2014, 2015 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பருவமழை பொய்த்தபோது துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. அதே நேரத்தில் கொண்டைக்கடலை அந்த உயரத்தை எட்டவில்லை. தக்காளியின் ஆட்டத்துக்கு மழை மட்டும் காரணமில்லை. நட்டு இரண்டு மூன்று மாதத்தில் காய்க்கும் செடி அது. பறித்தபின் சில நாட்களுக்குமேல் தாங்காது. இந்தப் பருவத்தில் விலை விழுந்தால் அடுத்த பருவத்தில் பலர் நடுவதில்லை, வரத்து குறைந்து விலை எகிறுகிறது, எகிறிய விலையைப் பார்த்து எல்லோரும் நடுகிறார்கள், மறுபடி விழுகிறது. அமெரிக்க வேளாண் பொருளியலாளர் மோர்டெகாய் எசக்கியேல் 1938இலேயே இந்தச் சுழற்சியைக் கோட்டுப்படமாக வரைந்து, அந்தப் படத்தின் உருவத்தை வைத்து ‘சிலந்திவலைத் தேற்றம்’ என்ற பெயரில் விளக்கிவிட்டார். அழுகும் பொருளுக்கும் அறுவடைக்குக் காத்திருக்கும் பொருளுக்கும் இந்தத் துள்ளல் இயல்பு. காந்தி மார்க்கெட்டில் இன்று தக்காளி துள்ளினால் நாளை கேரட் துள்ளும். எல்லாக் காயும் ஒரே நாளில் மும்மடங்கு ஆவது அரிது.

இருக்கிற விலையில், உடலுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும்படி, மிகக் குறைந்த செலவில் எதை வாங்குவது? இதைக் கணிதமாக்கிக் கேட்டவர் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். 1945இல் வெளிவந்த அவருடைய ஆய்வுக் கட்டுரையில் 77 உணவுப் பொருட்கள், 9 சத்துகள், 70 கிலோ எடையுள்ள ஓர் ஆள். எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பார்க்க அன்று கருவி இல்லை. அறிவுபூர்வமான ஊகங்களால் அவர் எட்டிய விடை, 1939ஆம் ஆண்டு விலையில் ஓராண்டுக்கு 39.93 டாலர். கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக் கீரை, உலர்ந்த வெள்ளை பீன்ஸ்; இவ்வளவுதான் சாப்பாடு. 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக் கண்டுபிடித்த ‘சிம்ப்ளெக்ஸ்’ கணக்கு முறையை முதலில் சோதித்துப் பார்த்த பெரிய கணக்குகளில் ஒன்று இதுவே. 9 பேர் மேசைக் கணக்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு போட்டார்கள். மொத்த உழைப்பு 120 ஆள்நாட்கள். கிடைத்த விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் ஊகம் 24 சென்ட்தான் தவறியிருந்தது. பின்னாளில் டான்ட்சிக் தம் உடல் எடையைக் குறைக்க இதே கணக்கைக் கணினியில் போட்டபோது, நாளொன்றுக்கு 500 காலன் வினிகர் குடிக்கச் சொன்னதாம் கணினி.

இந்தக் கதையைச் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறவர்கள் உண்டு. மனிதன் என்ன மாடா, தீவனக் கணக்குப் போட்டு ஊட்ட? ஆட்சேபம் சரியானது; ஸ்டிக்லரே தம் பட்டியலை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு ஓர் உண்மையைக் காட்டிவிட்டது. சத்துக்கான செலவு வேறு, ருசிக்கும் வழக்கத்துக்கும் பெருமைக்குமான செலவு வேறு. முதலாவது நாம் நினைப்பதைவிட மிகச் சிறியது. இன்று உலக நாடுகளின் ‘ஆரோக்கிய உணவின் விலை’யை ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு கணக்கிடும் முறை ஸ்டிக்லரைவிட மனிதத்தனமானது. உணவை 6 குழுக்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள்: மாவுச்சத்துத் தானியம், காய்கறி, பழம், பயறும் கொட்டைகளும், பால்-முட்டை-மீன்-இறைச்சி, எண்ணெய். ஒவ்வொரு குழுவிலும் அந்த ஊரில் அன்று எது மலிவோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். மொத்தம் 11 பொருட்கள், 2,330 கலோரி. குழு கட்டாயம், பொருள் விருப்பம். காயில் மூன்று வேண்டும். அது தக்காளியா புடலையா என்று கணக்கு கேட்பதில்லை. பட்ஜெட் இறுகும் வீட்டுக்கும் எனக்குத் தெரிந்து இதைவிடப் பயனுள்ள விதி இல்லை. ஒரு குழுவுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஒரு குழுவைக் கைவிட்டு இன்னொன்றை நிரப்பக் கூடாது.

கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தோனேசியா ஒரு சான்று. 1997-98 நெருக்கடியில் அங்கே உணவு விலை திடீரென ஏறியபோது, மத்திய ஜாவாவின் குடும்பங்கள் நம்மைப் போலவே நடந்துகொண்டன. அரிசியைக் காப்பாற்றிக்கொண்டு முட்டையையும் கீரையையும் குறைத்தன. ஆய்வாளர்கள் குழந்தைகளை எடைபோட்டுப் பார்த்தார்கள்; எடை குறையவில்லை. ரத்தத்தைச் சோதித்தபோதுதான் ரத்தசோகை கூடியிருப்பது தெரிந்தது. தாய்மார்கள் தங்கள் பங்கைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு மெலிந்திருந்தார்கள். தராசுக்குத் தெரியாத பசி அது. நம் மாநிலத்தில் நெருக்கடி எதுவும் இல்லாத ஆண்டுகளிலேயே அந்தப் பசி இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே பெண்களில் 40 சதவீதம் பேருக்கு உடல் எடை மிகுதி. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 சதவீதம். கலோரி போதாத ஊரின் எண்கள் அல்ல இவை. கலோரி மலிவாகவும் மற்றதெல்லாம் அரிதாகவும் இருக்கும் ஊரின் எண்கள். 1920களில் குன்னூர் ஆய்வகத்தில் ராபர்ட் மக்காரிசன் இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, பஞ்சாபின் சீக்கியர் உணவு தின்ற எலிகள் முதலிடத்திலும், தீட்டிய அரிசியை நம்பிய மெட்ராஸ் உணவு தின்றவை கடைசியிலும் இருந்தன. நூறு ஆண்டு கழித்தும் அந்தக் கடைசியிடத்தின் காரணம் முழுதாகப் போய்விடவில்லை.

அப்படியானால் கடையில் நிற்கும்போது எந்த விலையைப் பார்ப்பது? கிலோ விலை ஏமாற்றும். பயறு, பால், முட்டைக் குழுவுக்குப் புரதத்தின் விலையைப் பார்க்க வேண்டும். கணக்குக்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். துவரம்பருப்பு கிலோ 140 ரூபாய் என்றால், அதில் 220 கிராம் அளவுக்குப் புரதம் இருப்பதால் 10 கிராம் புரதம் 6 ரூபாய் 40 காசுக்குக் கிடைக்கிறது. நிலக்கடலை கிலோ 130 என்றால் 5 ரூபாய் 20 காசு. கொள்ளு கிலோ 90 என்றால் 4 ரூபாய். மீல்மேக்கர் என்று விற்கிற சோயா உருண்டை கிலோ 120 என்றால், பாதிக்குமேல் புரதம் என்பதால் 2 ரூபாய் 30 காசு. 6 ரூபாய் முட்டை என்றால் 10 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. லிட்டர் 44 ரூபாய்ப் பாலில் சுமார் 14 ரூபாய். பனீர் கிலோ 420 என்றால் 23 ரூபாய். பிள்ளைகள் வளர்வதற்கென்று விளம்பரமாகும் மால்ட் பானப் பொடிகளில் 100 கிராமுக்கு 10 கிராம் அளவே புரதம். கிலோ 450 ரூபாய் என்றால் அதே 10 கிராம் 45 ரூபாய். வியப்பூட்டும் வரி இன்னொன்று: மண்ணச்சநல்லூர்ப் பொன்னியை வெளிக்கடையில் கிலோ 60க்கு வாங்கினால், அரிசியில் இருக்கும் 7 சதவீதப் புரதத்தின் விலை 10 கிராமுக்கு 8 ரூபாய்க்கு மேல். அதாவது பருப்பைக் குறைத்து அரிசியைக் கூட்டுகிற வீடு, மலிவான புரதத்தை விட்டுவிட்டு விலை கூடிய புரதத்தை வாங்குகிறது. ரேஷன் துவரம்பருப்பின் 30 ரூபாய் விலையில் 10 கிராம் புரதம் ஒன்றரை ரூபாய்கூட இல்லை. அதை வாங்காமல் விடுவது, அல்லது வாங்கி யாரிடமாவது விற்றுவிடுவது, பெரிய நஷ்டம்.

பயற்றுப் புரதம் மட்டமானது, இறைச்சி முட்டைக்கு ஈடாகாது என்பார்கள். தனித்துப் பார்த்தால் உண்மை. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் அரிசிக்கு லைசின் குறைவு, பயறுக்கு மெத்தியோனின் குறைவு. ஆனால் ஒன்றில் குறைந்தது மற்றொன்றில் இருக்கிறது. தானியம் மூன்று பங்கு, பயறு ஒரு பங்கு என்று சேர்ந்தால் குறை ஏறக்குறைய அடைபட்டுவிடும். நாலுக்கு ஒன்று என்று அரைக்கும் இட்லி மாவு இந்த விகிதத்துக்கு மிக அருகில் நிற்கிறது. வெண்பொங்கல் அதைத் தாண்டியே போகிறது. சிக்கல் மதியச் சாப்பாட்டில்தான். தட்டு நிறையச் சோறும் தெளிந்த சாம்பாரும் ரசமும் மோருமாகப் போனால் விகிதம் பத்துக்கு ஒன்றுக்கும் கீழே விழுந்துவிடும். சாம்பாரில் கூடுதலாக ஒரு பிடி பருப்பு, அல்லது குழம்பில் ஊறவைத்த மொச்சையோ தட்டைப்பயறோ, அல்லது பக்கத்தில் ஒரு கொள்ளுத் துவையல் இருந்தால் விகிதம் நிமிரும். வளரும் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் முட்டையும் பாலும் பயறால் முழுக்க ஈடுசெய்ய முடியாதவை. பி12 உயிர்ச்சத்து தாவரங்களில் இல்லை. எனவே சிக்கன வீட்டில் முட்டை எல்லோருக்கும் பாதிப் பாதி என்பதைவிட, முதலில் அவர்களுக்கு முழுதாகப் போவது நியாயம். சைவ வீட்டில் அந்த இடம் மோருக்கும் தயிருக்கும்.

காய்கறிக் குழுவில் மாற்றுவதற்கு ஸ்ரீரங்கத்துச் சமையலைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது கஷ்டம். தக்காளி, உருளை, மிளகாய் மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. போர்ச்சுகீசியர் வருவதற்கு முன் இந்த ஊரில் யாரும் அவற்றைப் பார்த்திருக்க முடியாது. இன்றும் வைணவ வீடுகளின் திவசச் சமையலில் அவற்றுக்கு இடமில்லை. ஆசாரக் காரணத்துக்காகக் காப்பாற்றிய அந்த வழக்கம், விலை ஏறும் நாளில் பொருளாதாரக் காரணத்துக்கும் உதவும். வாழைக்காய், சேனை, புடலை, பாகல், அவரை, பூசணி, கீரைத்தண்டு என்று தக்காளியும் வெங்காயமும் இல்லாத ஒரு முழு விருந்து அங்கே ஏற்கெனவே இருக்கிறது. மோர்க்குழம்பு, மிளகுக் குழம்பு, புளிக்கூட்டு, பருப்புத் துவையல் எதற்கும் தக்காளி தேவையில்லை. சாம்பாரில் தக்காளி தருவது புளிப்பும் கொஞ்சம் குளூட்டமேட் சுவையும்தான். நாலு பேருக்கான சாம்பாரில் போகிற இரண்டு தக்காளியிலிருந்து ஒருவருக்குக் கிடைக்கும் சி உயிர்ச்சத்து மிகச் சொற்பம்; அதிலும் கொதிப்பில் ஒரு பகுதி போய்விடும். புளியின் டார்டாரிக் அமிலம் அந்தப் புளிப்பைத் தந்துவிடும். சி உயிர்ச்சத்துக்கு ஒரு கொய்யாவோ, இறக்கியபின் பிழியும் எலுமிச்சையோ போதும். தக்காளி 100 ரூபாய்க்குப் போனால் நாம் இழக்க வேண்டியது தக்காளியை மட்டுமே.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் இந்த ஸ்ரீரங்கத் தீவில், வாழையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. நாட்டின் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993இல் திருச்சியில் அமைந்தது தற்செயல் அல்ல. தொட்டியம், லால்குடி, அந்தநல்லூர் வரை பூவனும் நேந்திரனும் கற்பூரவல்லியும் மொந்தனும் விளையும் பூமி இது. ஒரு மரம் பழத்தோடு நிற்பதில்லை. காய், பூ, தண்டு மூன்றும் காய்கறிக் குழுவுக்குள் வருபவை. தார் வெட்டியபின் தண்டு பெரும்பாலும் தோட்டத்திலேயே கிடந்து மக்குகிறது. நார்ச்சத்தும் பொட்டாசியமும் உள்ள அந்தத் தண்டு சந்தையில் மலிவு, உரிக்கும் வேலைக்குப் பயந்து வாங்குவோர் குறைவு என்பதாலும் மலிவு. முருங்கைக்கீரையும் அதே கதை. அதன் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, பாலைப்போல் இரண்டரை மடங்கு. தென்னூரிலும் கே.கே.நகரிலும் இருக்கிற உழவர் சந்தைகள் இந்த வகைக்குத் தோதானவை. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய இந்தத் திட்டத்தின் அடிப்படையே இடைத்தரகர் பங்கைக் கழிப்பது. அந்தப் பங்கு எவ்வளவு பெரியது என்பதை ரிசர்வ் வங்கியின் 2024 ஆய்வு சொல்கிறது: நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்குப் போவது 33 காசு.

வாங்கியதைச் சமைப்பதிலும் பணம் இருக்கிறது. பயறை இரவே ஊறவைத்தால் வேகும் நேரம் குறைந்து எரிவாயு மிச்சமாகும். வாயுத் தொல்லை தரும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறின தண்ணீரோடு வெளியேறும். இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும் ஃபைட்டேட் குறையும். பருப்பு வெந்தபிறகே புளி ஊற்ற வேண்டும் என்று பாட்டிமார் சொன்னதில் வேதியியல் உண்டு: அமிலச் சூழலில் பயற்றின் செல்சுவரிலுள்ள பெக்டின் எளிதில் கரைவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் கால்சியமும் அதே பெக்டினை இறுக்கும். காவிரிக் குடிநீர் வருகிற வீட்டில் பருப்பு சீக்கிரம் மலரும் என்ற பேச்சு வெறும் ஊர்ப்பெருமை இல்லை. சோடா உப்புப் போட்டு அவசரப்படுத்தினால் பி1 உயிர்ச்சத்து அழியும். சாப்பிட்டவுடன் காப்பி டீ குடித்தால் சோற்றிலிருந்தும் கீரையிலிருந்தும் வரும் இரும்பு உடலில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதற்குச் செலவில்லை. பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறது என்று கைப்பேசியில் சுற்றும் செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். இரும்பு ஒரு தனிமம்; எந்த நுண்ணுயிரும் இரவோடு இரவாக அதை உண்டாக்க முடியாது. புளிப்பேறும்போது ஃபைட்டேட் சிதைந்து, இருக்கிற இரும்பு உடலுக்கு எளிதாகச் சேரும், அவ்வளவுதான். அதுவே நல்ல விஷயம். ரேஷன் அரிசியில் கலந்துவரும் வித்தியாசமான மணிகளைப் பற்றிய வதந்தி இன்னும் மோசம். அவை பிளாஸ்டிக் அல்ல; அரிசி மாவோடு இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்துப் பிழிந்தெடுத்தவை, நூறு மணிக்கு ஒன்று வீதம் கலந்தவை. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 2020இல் சோதனையாகத் தொடங்கியது திருச்சி மாவட்டத்தில்தான். அரிசி களையும்போது மிதக்கிறதென்று அவற்றைக் கொட்டிவிட்டால், இலவசமாக வந்த சத்தைச் சாக்கடைக்கு அனுப்புகிறோம்.

பருப்பையும் காயையும் தொடக்கூடாது என்றால் வேறு எதைக் குறைப்பது? 2023-24 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் விடை இருக்கிறது. இந்திய நகரக் குடும்பம் செலவிடும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஏறக்குறைய 40 ரூபாய் உணவுக்குப் போகிறது. அதில் தனிப்பெரும் இனம் அரிசியும் இல்லை, பாலும் இல்லை. பானங்கள், தின்பண்டம், பதப்படுத்திய உணவு என்ற தலைப்புதான், 11 ரூபாய். டீக்கடையும் ஓட்டல் சாப்பாடும் இதற்குள் அடக்கம் என்பதால் முழுவதையும் வீண் என்று சொல்லிவிட முடியாது. வெளியூர் வேலைக்குப் போகிறவர் எங்கே சாப்பிடுவார்? ஆனால் பிஸ்கட், பாக்கெட் முறுக்கு, குளிர்பானம், மால்ட் பொடி என்ற பகுதி எந்தக் குழுவிலும் சேராது. மாவு, சர்க்கரை, எண்ணெய் என்று வீட்டில் ஏற்கெனவே மிகுதியாக இருப்பதையே அது இன்னும் கூடுதல் விலைக்குத் தருகிறது. பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டின் காசில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை வரும். விலை ஏறும் மாதத்தில் முதல் கத்தரி இங்கே விழட்டும். இரண்டாவது, எண்ணெய். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட 2,000 கலோரித் தட்டில் ஒருவருக்கு நாளுக்கு 27 கிராம் எண்ணெய்தான். நாலு பேருக்கு மாதம் சுமார் மூன்றேகால் கிலோ. அதற்குமேல் வாங்குகிற வீடு விலையேற்றத்தைத் தானே பெருக்கிக்கொள்கிறது.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய எதிர்ப்புகளில் கனமானது ருசியைப் பற்றியதல்ல, நேரத்தைப் பற்றியது. கீரை ஆய, வாழைப்பூ உரிக்க, பயறு ஊறவைக்க, துவையல் அரைக்க யாருடைய நேரம் செலவாகிறது? 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளுக்கு 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள். மலிவான உணவு என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு, கணக்கில் வராத பெண் உழைப்பு. ஸ்டிக்லரின் கணக்கிலும் சமைக்கிறவர் இல்லை. ஆகவே மாற்றுப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது விலையோடு கைவேலையையும் கூட்டிப் பார்க்கத்தான் வேண்டும். அந்தக் கணக்கில் முட்டை உயர்ந்துவிடுகிறது. குக்கரில் வேகும் கொண்டைக்கடலையும் அப்படியே. வாழைப்பூ இறங்கிவிடுகிறது, அதை உரிக்க வீட்டு ஆண்களும் உட்கார்ந்தாலொழிய. நேரமே இல்லாத வீட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் மீல்மேக்கரும் முட்டைக்கோஸும் போதும்.

இன்னொரு எதிர்ப்பு அரசியலானது. விலையேற்றத்துக்குச் சமையலறையில் தீர்வு சொல்வது, அரசின் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில் கட்டுவதாகாதா? பாதி சரி. 2022இல் ஆரோக்கியமான உணவை வாங்க வசதியில்லாதவர்கள் இந்தியாவில் 55.6 சதவீதம் என்றது ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை. மலிவானதைத் தேர்ந்தெடுத்த பிறகும் எட்டாதவர்களின் கணக்கு அது. அவர்களிடம் போய்க் கொள்ளுத் துவையல் பற்றிப் பேசுவது அபத்தம். ஆனால் குழு கட்டாயம், பொருள் விருப்பம் என்ற விதியை அரசுக்கும் போட்டுப் பார்க்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தட்டுப்படி நாலு பேருக்கு மாதம் 30 கிலோ தானியம் வேண்டும்; ரேஷன் 20 கிலோ தருகிறது, மூன்றில் இரண்டு பங்கு. அதே தட்டில் ஒருவருக்கு நாளுக்கு 85 கிராம் பயறு. முட்டையோ மீனோ சேர்ந்தால் அதற்கேற்பக் குறையும். நாலு பேருக்கு அது மாதம் 10 கிலோவுக்கு மேல். ரேஷன் தருவது அட்டைக்கு 1 கிலோ, இரண்டு பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும். சந்தை ஏற்கெனவே மலிவாக வைத்திருக்கும் தானியத்தில் மூன்றில் இரண்டும், சந்தை துள்ளவைக்கும் பயறில் பத்தில் ஒன்றும் அரசு பார்த்துக்கொள்கிறது. சோற்றைக் கூட்டிப் பருப்பைக் குறைக்கும் வழக்கத்தை வீடுகள் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை.

அரசு தன் தட்டை மாற்றிக்கொள்ள முடியாது என்பதில்லை. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில். அன்று அதன் நோக்கம் பிள்ளைகளின் வயிற்றை நிரப்புவது, சோறும் சாம்பாரும். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது, பிறகு வாரம் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று. 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை. கலோரித் திட்டம் ஒன்று புரதத் திட்டமாக மாற 28 ஆண்டுகள் ஆயின, ஆனால் மாறியது. கர்நாடக அமைச்சரவை 2025 அக்டோபரில், கூடுதலாகக் கொடுத்துவந்த 5 கிலோ அரிசிக்குப் பதில் துவரம்பருப்பும் எண்ணெயும் அடங்கிய பை கொடுக்க முடிவெடுத்தது. அரிசி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, அதற்குமேல் அரிசி வேண்டாம் என்றார்கள். தமிழ்நாட்டில் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் துவரம்பருப்பு 2007இலிருந்து வருகிறது. அதை அட்டைக்கு என்பதிலிருந்து ஆளுக்கு என்று மாற்றினால், துவரை ஏறும் ஆண்டில் கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ கொடுக்கும் சுதந்திரத்தையும் சேர்த்தால், செலவு கூடும். எவ்வளவு கூடும் என்று போட்டுப் பார்க்க 9 பேரும் 120 ஆள்நாட்களும் இன்று தேவைப்படாது. மாவட்ட வழங்கல் அலுவலகத்தில் இருக்கும் ஒரு கணினியும் அட்டைகளின் தலைக்கணக்கும் போதும்.